பெல்ட் போட்ட வைரவர்

வைரவன்சந்தைக்காரர்கள் காலையில் வீட்டைவிட்டு இறங்கியதும் எதிரே நாய் வந்தால் குனிந்து அதன் நெற்றியைத் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேலே நடப்பார்கள், ஏனென்றால் ஊருக்குக் காவல் வைரவர், வைரவருக்கு வாகனம் நாய், வாகனத்தைக் கும்பிடாமல் தாண்டிப் போகிறவன் காரியம் விளங்காது என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெருநாய்களும் பழகிவிட்டன, ஆள் வந்தால் நெற்றியைக் காட்டி நின்று, சடங்கு முடிந்ததும் தம் சோலியைப் பார்க்கப் போய்விடும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பேங்க் அதிகாரியாக மாற்றலாகி வந்தார் ஸ்டெல்லா ஜெபராணி. நாகர்கோவில் பக்கத்துக்காரர், பிறவியிலேயே பார்வை கிடையாது, ஆனால் கூடவே கருப்பட்டி இருந்தான். கருப்பட்டி நிறத்து நாய், அதனால் அந்தப் பெயர். அவன் முதுகில் மஞ்சள் பெல்ட், பெல்ட்டில் ஒரு கைப்பிடி, கைப்பிடியின் மறுமுனையில் ஸ்டெல்லாவின் கை. குழி வந்தால் நிற்பான், வண்டி வந்தால் நிற்பான், வழி இருந்தால் நடப்பான்.

வந்த முதல் நாள் காலையில் தெற்குத் தெருவில் டீக்கடை மாயழகு எதிர்ப்பட்டார். இப்படி ஒரு லட்சணமான வாகனத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. குனிந்தார், தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெற்குத் தெரு என்பது காலங்காலமாக பேங்க் வாசலில் போய் முடிகிற தெரு. மாயழகு விரலை எடுத்தபோது அது ஊருணிப் படிக்கட்டில் போய் முடிந்தது.

“என்ன இது, பேங்க் வாசல்ல தண்ணி நிக்குது?” என்று நனைந்த செருப்போடு கேட்டார் ஸ்டெல்லா.

மாயழகு சுற்றுமுற்றும் பார்த்தார். “தெரு கொஞ்சம் நகந்துருச்சும்மா” என்றார், பால் கொஞ்சம் பொங்கிருச்சு என்கிற மாதிரி.

பெல்ட் போட்டிருக்கும்போது ஸ்டெல்லாவைத் தவிர வேறு யார் தொட்டாலும் தெரு இடம் மாறும், பெல்ட்டைக் கழற்றிவிட்டால் கட்டிப் புரண்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை ஊர் ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. ஏன் எதற்கு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வைரவர் ஏதோ நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். தபால்காரர் தெருப்பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் கடிதம் கொடுக்கப் பழகிக்கொண்டார். கீழத் தெருவிலிருந்து மேளதாளத்தோடு கிளம்பிய மாப்பிள்ளை அழைப்பு வேறு யாரோ வீட்டுக் காதுகுத்துக்குள் போய் நுழைந்தது. பந்தி நடந்துகொண்டிருந்ததால் வந்தவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு, தெரு திரும்பியதும் கிளம்பிப் போய்த் தாலி கட்டினார்கள். பிறகு ஊருக்குத் துணிச்சல் வந்தது. மூட்டுவலிக்காரர்கள் ரேஷன் கடை பக்கத்தில் வர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு தொட்டார்கள். ஒயின்ஷாப் தொலைந்துபோகட்டும் என்று வேலுத்தாய் தொட்டாள். அது தொலைந்துபோய் இன்ஸ்பெக்டர் வீட்டு எதிரில் நின்றது, அங்கேயும் அவள் புருஷன் ஓரமாக, அடக்க ஒடுக்கமாக நடந்துபோய்க் குடித்துவிட்டு வந்தான். பத்து வேண்டுதலுக்கு ஒன்று பலித்தது. கோயிலில் வேண்டினாலும் அதே கணக்குதானே என்று ஊர் திருப்திப்பட்டுக்கொண்டது.

“வேலை செய்யுத நாயைத் தொடாதீங்க. அதுக்குக் கவனம் செதறும், அதுக்குச் செதறிச்சுன்னா நான்லா விழுவேன்” என்று ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார். ஊர் மரியாதையாகத் தலையை ஆட்டியது. ஆட்டிவிட்டுத் தொட்டது.

ஊருக்கு இது வேடிக்கை. ஜெராக்ஸ் கடை மங்கையர்க்கரசிக்கு அப்படி இல்லை.

மங்கையின் புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறவன், எப்போதாவது வருவான். வீட்டில் மங்கையும் மகள் அல்லியும்தான். அல்லிக்கு ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னார். ஊர் அதற்கு வேறு வேறு பெயர் சொன்னது, வேப்பிலை அடித்தது, தாயத்துக் கட்டியது, ‘பேச மாட்டியாத்தா’ என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியது. அல்லி பேசுவாள், தனக்குத் தேவையானதைத் தேவையானபோது, படித்த வாக்கியத்தைப் படித்தபடியே பேசுவாள். சத்தம் அவளுக்கு ஆகாது. தொட்டால் சுட்டதுபோலத் துள்ளுவாள், பெற்றவள் தொட்டாலும் அப்படித்தான், எண்ணெய் தேய்த்துச் சீவி விடுவதற்குள் மங்கை அழுதுவிடுவாள். ஆனால் வழி என்று ஒன்றைக் கற்றுக்கொண்டால் அவளுக்கு மறக்காது. கடையிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியை மங்கை தினம் கூடவே நடந்து சொல்லிக்கொடுத்தாள்: நீலக் கதவு, உரக்கடை வாசம், சிமெண்டுப் பிள்ளையார், கொடிக்கம்பம். பிறகு பின்னாலேயே ஒளிந்து நடந்தாள். பிறகு கடை வாசலிலேயே நின்றாள். ‘நீலக் கதவு, உரக்கடை, பிள்ளையார், கொடிக்கம்பம்’ என்று மந்திரம்போல முனகிக்கொண்டு மகள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பிவந்த அன்றைக்கு மங்கை கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கப்புறம் இவளுக்கு யாரு என்ற கேள்வி அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது; அந்தக் கல் அன்றுதான் கொஞ்சம் அசைந்தது.

அந்த நீலக் கதவுதான் இப்போது ஒரு நாள் சந்தைக்குப் பின்னாலும் ஒரு நாள் சுடுகாட்டு வழியிலும் இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரிலேயே கருப்பட்டியை அதிகம் தொட்டவள் அல்லிதான். பார்த்த முதல் நாளே ஓடிப்போய் இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் காதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெற்ற தாய்க்குக் கிடைக்காதது ஒரு நாய்க்குக் கிடைத்ததே என்று மங்கைக்கு வயிறெரிந்தது, பொய் எதற்கு. அல்லி நிமிர்ந்து பார்த்தால் தெரு இல்லை. காதைப் பொத்திக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்து அலறினாள். பயந்தால் கருப்பட்டியைக் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டால் தெரு போகும். தெரு போனால் பயப்படுவாள். மங்கை மறுபடியும் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற நிலைமை வந்தது.

மங்கை என்ன செய்தாள்? நம் ஊர்த் தாய்மார் எல்லோரும் செய்வதைச் செய்தாள். “நாயிகிட்டப் போகாத, கடிச்சிரும்” என்றாள்.

அல்லி அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். மறுநாள் கருப்பட்டியைக் கண்டதும் ‘கடிச்சிரும், கடிச்சிரும்’ என்று கூவிக்கொண்டு டிபன் பாக்ஸை வீசினாள். அது அவன் முன்னங்காலில் பட்டது. அன்று சாயங்காலம் நொண்டுகிற நாயோடு ஸ்டெல்லா ஜெராக்ஸ் கடைப் படியேறினார்.

“பிள்ளைக்கு நாய் கடிக்கும்னு யாரு சொல்லிக் குடுத்தது?”

“நாந்தான் மேடம்” என்றாள் மங்கை. “பயந்தாலாச்சும் தொடாம இருப்பாளேன்னு சொல்லிப்புட்டேன். என்னைய நல்லா நாலு வார்த்தை வஞ்சுருங்க.”

“வஞ்சா இவன் காலு சரியாயிருமா? பயந்த பிள்ளை சும்மா நிக்காது மங்கை. ஒண்ணு ஓடும், இல்லேன்னா அடிக்கும். தொடாதே தொடாதேன்னா அவ அந்தக் கையை எங்க கொண்டுபோய் வைப்பா? கைக்கு ஒரு சோலி சொல்லணும்லா.”

மங்கை யோசித்தாள். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எந்திரத்தின் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த அல்லி, வலது கையால் இடது முழங்கையையும் இடது கையால் வலது முழங்கையையும் பிடித்திருந்தாள். மனசு நிம்மதியாக இருந்தால் அவள் அப்படித்தான் உட்காருவாள், சின்ன வயசிலிருந்து. “முழங்கையைப் பிடிச்சுக்கச் சொல்லலாமா மேடம்? அது அவளுக்குப் பிடிக்கும்” என்றாள் மங்கை.

“அம்மைக்குத்தானே தெரியும்” என்றார் ஸ்டெல்லா.

அன்றே மங்கை பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் போட்டாள். மஞ்சள் பெல்ட் போட்ட நாய், பக்கத்தில் நிற்கிற அல்லி, முழங்கையைப் பிடித்த கைகள். கீழே எழுதினாள்: பெல்ட் போட்டிருக்கு. வேலை. கையை முழங்கையில் வைக்கணும். அழுக்காகாமல் லேமினேஷன் செய்து கயிறு கோத்தாள். பார்க்க முடியாத ஸ்டெல்லாவுக்கு ஒவ்வொரு படத்தையும் வாயால் சொன்னாள்.

“படத்துல நாய் சிரிக்குதா?” என்று கேட்டார் ஸ்டெல்லா.

“லேசாச் சிரிக்குது மேடம்.”

“அழிச்சிரு. சிரிச்சா பிள்ளை விளையாட்டுன்னு நினைக்கும். வேலை நேரத்துல அவன் என்னைய மாதிரி, உர்ருன்னுதான் இருப்பான்.”

சாயங்காலமானால் ஸ்டெல்லா வீட்டு முற்றத்தில் பாடம் நடந்தது. பெல்ட்டோடு கருப்பட்டி வருவான். மங்கை அட்டையைக் காட்டுவாள். அல்லி பார்ப்பாள், பாய்ந்து கட்டிக்கொள்வாள், ஊரில் ஏதோ ஒரு தெரு எங்கேயோ போகும், தூரத்திலிருந்து யாரோ ‘ஏத்தா அல்லி, நான் வீட்டுக்குப் போக வேணாமா?’ என்று கத்துவார்கள். மறுபடி. மறுபடி. கருப்பட்டியின் பொறுமை மனுசனுக்கு வராது. ஒரு நாள் பாதி ஓடிவந்தவள் நின்றாள். கைகள் காற்றில் தவித்தன. பிறகு முழங்கைக்குப் போயின.

மங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஸ்டெல்லா பெல்ட்டைக் கழற்றிய பிறகும் அல்லி அப்படியே முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். கருப்பட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலையே முகர்ந்தான், அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது, கை நகரவில்லை. கழற்றிய பிறகு என்ன செய்வது என்பதற்கு அட்டை இல்லையே! மங்கை தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கடைசிப் படத்தைப் போட்டு வந்தாள்: ஆணியில் தொங்குகிற பெல்ட், நாயின் முதுகில் விரித்துவைத்த உள்ளங்கை. பெல்ட் ஆணியில் இருக்கு. இப்ப தொடலாம். மெதுவா. அல்லி அட்டையைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், உள்ளங்கையை விரித்துக் கருப்பட்டியின் முதுகில் வைத்தாள். வெளிச்சம் மங்குகிற வரை எடுக்கவே இல்லை.

அல்லி கற்றுக்கொண்டாள். ஊர்தான் கற்றுக்கொள்ளவில்லை.

வைரவருக்கு உகந்த தேய்பிறை அஷ்டமி வந்தது. கருப்பட்டிக்குப் பரிவட்டம் கட்டி வடைமாலை சாத்துவது, தொட விரும்புகிறவர்கள் வரிசையில் வந்து தொடுவது என்று பூசாரி சொக்கலிங்கம் அறிவித்துவிட்டார். “வீட்டுக்கு வாங்க, பெல்ட்டைக் கழட்டி வைக்கேன், ஆசை தீரத் தொடுங்க” என்று ஸ்டெல்லா கெஞ்சினார். “பெல்ட்டோட தொட்டாத்தானே தாயி பலன்?” என்று ஊர் நியாயம் கேட்டது. சாயங்காலம் பேங்க் விட்டு வருகிற வழியில், கோயில் வாசலில், அவரை மேளத்தோடு மறித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். யாருடைய சாதிச் சான்றிதழையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த மங்கை நிமிர்ந்தபோது எதிரே செங்கல் சூளை இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் சினிமாக் கொட்டகையின் பின்சுவர். அப்புறம் ஊருணி, அப்புறம் யாரோ வீட்டுக் கொல்லை, அப்புறம் மறுபடி சூளை. அங்கே வரிசையில் ஒவ்வொரு கையும் தொடத் தொட இங்கே தெரு சீட்டுக்கட்டாகக் கலைந்துகொண்டிருந்தது. “ஐயோ, எம்பிள்ளை!” என்று மங்கை செருப்பில்லாமல் ஓடினாள். ஓடிய தெரு அவளைத் தன் கடை வாசலிலேயே கொண்டுவந்துவிட்டது. வேறு தெருவில் ஓடினாள். மறுபடி அதே போர்டு, ஜெராக்ஸ், லேமினேஷன். வைரவரை வைதாள், கும்பிட்டாள், திரும்ப வைதாள். கடைசியில் ஏதோ ஒரு சந்து இரக்கப்பட்டு அவளைக் கோயில் வாசலில் கொண்டுபோய்த் தள்ளியது.

ஊரே அங்கே நின்றது. தொட்டவர்கள் யாருக்கும் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் கோயில் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். நடுவில் கருப்பட்டி வடைமாலையோடு படுத்துவிட்டான், தலையை முன்னங்கால்களுக்குள் வைத்துக்கொண்டு. ஸ்டெல்லா கைப்பிடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். “எந்திரி மக்களே” என்று அவர் கருப்பட்டியிடம் சொன்னது மேளச் சத்தத்தில் அவருக்கே கேட்டிருக்காது. ஆளுக்கொரு பக்கம் பயந்துபோய், தொட்டால் சரியாகும் என்று மறுபடி மறுபடி தொட்டார்கள்.

அப்போது சுடுகாட்டு வழியிலிருந்து அல்லி வந்தாள். பையைக் காணோம், காதை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள், தொண்டை கட்டிப்போகிற வரை அழுத முகம். மங்கைக்கும் அவளுக்கும் நடுவே கூட்டம் சுவராக நின்றது. கருப்பட்டியைப் பார்த்ததும் அல்லி ஓட்டமெடுத்தாள். இவ்வளவு பயத்தில் அவள் அவனைக் கட்டிக்கொள்ளாமல் வேறு யாரைக் கட்டிக்கொள்வாள், அதைத் தப்பென்று எந்த வாயால் சொல்வது? மங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

மேளம் நின்றது. மங்கை கண்ணைத் திறந்தாள்.

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அல்லி நின்றிருந்தாள். காதிலிருந்து கைகளை எடுத்து முழங்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு இறுக்கி.

“பெல்ட் போட்டிருக்கு. வேலை” என்றாள், அட்டையில் இருந்தபடியே, ஏற்ற இறக்கமில்லாமல். பிறகு நாயின் தலையில் இருந்த பூசாரியின் கையைப் பார்த்தாள். “கையை முழங்கையில் வைக்கணும்.”

சொக்கலிங்கம் பூசாரி வாழ்நாளில் யார் சொல்லியும் கையை எடுத்தவரில்லை. எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தடுமாறி, அல்லியைப் பார்த்து அதேபோல முழங்கையில் வைத்தார். அவரைப் பார்த்து மாயழகு, அவரைப் பார்த்து வேலுத்தாய், அப்புறம் மேளக்காரர்கள். வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஊர் மொத்தமும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்டெல்லா தடவிப் பார்த்து வடைமாலையைக் கழற்றினார். கருப்பட்டி எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினான்.

அவன் நடந்தான். நடக்க நடக்க அவனுக்கு முன்னால் தெருக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தத்தம் இடத்தில் படுத்துக்கொண்டன. பின்னால் கை தொடும் தூரம் விட்டு அல்லி, அவளுக்குப் பின்னால் மங்கை, அவளுக்குப் பின்னால் முழங்கையைப் பிடித்த ஊர். கொடிக்கம்பம் வந்தது. சிமெண்டுப் பிள்ளையார் வந்தது. உரக்கடை வாசம் வந்தது. நீலக் கதவு வந்ததும் அல்லி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வரிசையிலிருந்து விலகிக் கடைக்குள் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் வைரவன்சந்தையில் தெரு எதுவும் நகரவில்லை. ஒயின்ஷாப் மட்டும் இன்ஸ்பெக்டர் வீட்டு எதிரிலேயே தங்கிவிட்டது. கருப்பட்டி எதிரே வந்தால் இன்றைக்கும் ஊர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். வெளியூர்க்காரர்கள் அதை வைரவருக்கான கும்பிடு என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கதை அன்று ராத்திரியோடு முடியவில்லை. அஷ்டமிக்கு மறுநாள் மங்கையின் நாத்தனார் வந்து, “ஊரையே காப்பாத்திட்டாளே என் ராசாத்தி!” என்று அல்லியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டாள். அல்லி துள்ளி விலகி மூலையில் போய் நின்றாள். நெடுநேரம் கழித்து, தன் பழைய பையை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டி, அதன் மஞ்சள் வாரைக் காட்டினாள்.

“வெட்டு” என்றாள்.

மங்கை வெட்டிக் கொடுத்தாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அல்லி அந்த வாரைச் சட்டைக்கு மேலே குறுக்காகக் கட்டிக்கொண்டாள். மங்கை கடை வாசலில் நின்று பார்த்தாள். எதிரே வந்த மாயழகு வழக்கம்போலத் தலையைத் தடவக் கை நீட்டினார், மஞ்சளைப் பார்த்தார், நீட்டிய கையை மடக்கி முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வா தாயி” என்று வழிவிட்டார். கேட்காமல் தொட்டவர்களில் தானும் ஒருத்திதானே என்று மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்ற வாக்கிலேயே அவள் கைகளும் முழங்கைக்குப் போயின.

சாயங்காலம் அல்லி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மஞ்சள் வாரை அவிழ்த்தாள், சுவரில் தேடி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் அதை மாட்டினாள். மங்கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அல்லி வந்து அவளுக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“பெல்ட் ஆணியில் இருக்கு” என்றாள். “இப்ப தொடலாம். மெதுவா.”

மங்கை உள்ளங்கையை விரித்து மகளின் முதுகில் வைத்தாள்.